உள்ளங்கை அளவு ரப்பரின் மேல் ஓடும் கார்: டயர் பராமரிப்பு, தொடக்கத்திலிருந்து

சமதளமான தரையில் நிற்கும் ஒரு காரின் முன்சக்கரத்தடியில், முன்பக்கமிருந்து ஒரு தாளையும் பின்பக்கமிருந்து இன்னொரு தாளையும் மெல்லச் செருகிப் பாருங்கள். ஓரிடத்தில் இரண்டும் முட்டி நின்றுவிடும். அந்த இரண்டு விளிம்புகளுக்கும் நடுவே எஞ்சுகின்ற இடம்தான் டயர் உண்மையில் சாலையைத் தொட்டுக்கொண்டிருக்கும் பகுதி. பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தால், அது உள்ளங்கையைவிடச் சற்றே பெரிதாக இருக்கும், அவ்வளவுதான். பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்பதும், ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி திரும்புவதும், மழைநாளில் வளைவில் வண்டி தடம் மாறாமல் போவதும் இப்படிப்பட்ட நான்கு துண்டு ரப்பரின் பிடிப்பால்தான் நடக்கின்றன. பிரேக் எவ்வளவு நவீனமானதாக இருந்தாலும் அது சக்கரத்தின் சுழற்சியை நிறுத்துமே தவிர, வண்டியை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வுதான்.

இதை ஒரு சிறு கணக்கின் மூலமும் பார்க்கலாம். 1,200 கிலோ எடையுள்ள ஒரு காரில் ஒவ்வொரு டயரும் ஏறத்தாழ 300 கிலோவைத் தாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். டயருக்குள் 32 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) காற்றழுத்தம் இருந்தால், அது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ இரண்டேகால் கிலோ என்று பொருள். 300-ஐ இரண்டேகாலால் வகுத்தால் 133 சதுர சென்டிமீட்டர் வருகிறது. அதாவது 11 சென்டிமீட்டர் அகலமும் 12 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட ஒரு துண்டு. நான்கையும் சேர்த்தாலும் ஓர் ஏ4 தாளின் பரப்பை எட்டாது. டயர் சுவரின் விறைப்பும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் இது துல்லியமான கணக்கு அல்ல. ஆனாலும் ஒரு முக்கியமான உண்மையை இது காட்டிவிடுகிறது. காரைச் சுமப்பது ரப்பர் அல்ல, உள்ளே அடைபட்டிருக்கும் காற்று. ரப்பரும் அதற்குள் புதைந்திருக்கும் நூலிழைகளும் எஃகுக் கம்பிகளும் அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் பை மட்டுமே. டயர் பராமரிப்பு என்பதில் முக்கால் பங்கு காற்றழுத்தத்தைப் பற்றியதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

காற்று குறைந்தால் என்ன ஆகும்? எடையைத் தாங்குவதற்கு டயர் இன்னும் தட்டையாக வேண்டியிருக்கும்; அதற்காக அதன் பக்கச்சுவர் கூடுதலாக மடங்கும். 185/65 ஆர்15 (இந்தக் குறியீட்டின் பொருள் பின்னால் வருகிறது) அளவுள்ள ஒரு டயரின் சுற்றளவு இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அது நொடிக்குப் பதின்மூன்று முறை சுழல்கிறது. ஆகவே பக்கச்சுவரின் ஒவ்வொரு பகுதியும் நொடிக்குப் பதின்மூன்று முறை மடங்கி நிமிர்கிறது. ஒரு மணி நேரப் பயணத்தில் இது 46,000 முறை நடக்கிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னுமாக வளைத்துக்கொண்டே இருந்தால் வளைகின்ற இடம் சூடேறி ஒரு கட்டத்தில் முறிந்துவிடுவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். காற்றுக் குறைந்த டயரில் நடப்பதும் அதுதான். சூடு ஏறஏற ரப்பருக்கும் எஃகு அடுக்குகளுக்கும் இடையிலான பிணைப்பு தளர்கிறது. கடைசியில் மேல்பட்டை தனியே கழன்று போகிறது அல்லது டயர் வெடிக்கிறது. கோடைக்கால நெடுஞ்சாலைகளில் வெடிக்கும் டயர்களைப் பற்றிப் பேசும்போது வெயிலின் மேல் மட்டுமே பழி போடுவது வழக்கமாகிவிட்டது. வெயில் கூட்டுப்பங்காளிதான், ஆனால் பெரும்பாலும் குறைந்த காற்று, கூடுதல் சுமை, தொடர்ந்த வேகம் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அந்த வேலையைச் செய்கின்றன.

சரி, எத்தனை பிஎஸ்ஐ வைக்க வேண்டும்? புதிதாக வண்டி ஓட்டுபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். டயரின் பக்கச்சுவரிலேயே ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். அதைப் பார்த்து அந்த அளவுக்குக் காற்றடிக்கச் சொல்பவர்கள் உண்டு. அந்த எண் அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அழுத்தத்தைக் குறிப்பது. உங்கள் காருக்கு உரிய அழுத்தம் வேறு. அதை முடிவு செய்திருப்பவர் வண்டியைத் தயாரித்தவர். ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவு மூடும் தூணில் ஒட்டியிருக்கும் சிறு அட்டையிலோ, எரிபொருள் மூடியின் உட்புறத்திலோ, வண்டியுடன் வந்த கையேட்டிலோ அது இருக்கும். பல கார்களுக்கு அது 30 முதல் 36 பிஎஸ்ஐக்குள் அமையும். முன்சக்கரத்துக்கு ஓர் எண்ணும் பின்சக்கரத்துக்கு இன்னொரு எண்ணும் இருக்கலாம். முழுச் சுமையுடன் போகும்போது வைக்க வேண்டிய அழுத்தம் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கலாம். ஐந்து பேரும் பெட்டிகளுமாகத் தொலைதூரம் புறப்படும் நாளில் அந்த இரண்டாவது எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

அட்டையில் உள்ள எண் டயர் குளிர்ந்திருக்கும் நிலைக்கு உரியது என்பதை மறந்துவிடக் கூடாது. குளிர்ந்த நிலை என்றால், வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஓடாமல் இருக்க வேண்டும். ஓட ஓட டயரும் அதனுள் இருக்கும் காற்றும் சூடாகி அழுத்தம் நான்கைந்து பிஎஸ்ஐ வரை கூடுவது இயல்பானது. வண்டியை வடிவமைத்தவர் இதை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்டுதான் அந்த எண்ணைத் தந்திருக்கிறார். இதை நான் அறியாதிருந்த காலத்தில், நீண்ட பயணத்தின் நடுவே ஓரிடத்தில் காற்றைச் சரிபார்க்கச் சொன்னேன். அங்கிருந்தவர் காற்றழுத்தத்தை அளக்கும் கருவியான கேஜை வைத்துப் பார்த்துவிட்டு, 'காற்று ரொம்ப அதிகமா இருக்குங்க' என்று சொல்லி, 37 காட்டிய நான்கு டயர்களிலும் காற்றை வெளியேற்றி 33-க்குக் கொண்டுவந்தார். நன்றி சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். மறுநாள் காலையில் சோதித்தபோது நான்கிலும் 29-தான் இருந்தது. இரவெல்லாம் நான்கு பேரைச் சுமந்துகொண்டு குறைந்த காற்றில் ஓடியிருக்கிறோம் என்பதை நினைத்தபோது எனக்கு உடல் நடுங்கியது. சூடான டயரிலிருந்து காற்றை ஒருபோதும் இறக்காதீர்கள். வழியில் சோதித்தே ஆக வேண்டியிருந்து, குறைவாகத் தெரிந்தால் மட்டும் நிரப்பிக்கொண்டு, மறுநாள் குளிர்ந்த நிலையில் சரியான அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

சுற்றுப்புற வெப்பமும் இந்த எண்ணை மாற்றும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் டயர் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐ குறையும். கூடினால் அதே அளவு கூடும். ஆகவே பருவம் மாறி முதல் குளிர்காலை வரும்போது, எங்கும் கசிவே இல்லாவிட்டாலும் நான்கு டயர்களிலும் காற்று குறைந்திருப்பதைக் காணலாம். இதைத் தவிர, நல்ல டயரிலும் ரப்பரின் வழியாகவே காற்று மெல்லக் கசிந்து மாதத்துக்கு ஒரு பிஎஸ்ஐ அளவுக்குக் குறைகிறது. ஆறு மாதம் பார்க்காமல் விட்டால் 33 இருந்த இடத்தில் 27 இருக்கும். நைட்ரஜன் நிரப்பினால் இந்தக் கசிவு சற்றுக் குறையும் என்பது உண்மைதான்; ஆனால் சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான் இருக்கிறது. எதை நிரப்பினாலும் சோதிக்கும் வேலையிலிருந்து விடுதலை கிடைக்காது.

கண்ணால் பார்த்தோ காலால் உதைத்தோ காற்றின் அளவை அறிந்துவிடலாம் என்ற நம்பிக்கையை முதலில் கைவிட வேண்டும். இன்றைய ரேடியல் டயர்கள் (உள்ளிருக்கும் நூலிழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேர்குறுக்காக ஓடும் வகை) சரியான காற்றுடன் இருக்கும்போதே அடிப்பகுதியில் சற்றுப் பிதுங்கித்தான் நிற்கும். 33 பிஎஸ்ஐ உள்ள டயரையும் 26 உள்ள டயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் பழகிய கண்ணுக்குக்கூட வேறுபாடு தெரிவது கடினம். காருக்குள் எச்சரிக்கை விளக்கு இருக்கிறதே என்று இருந்துவிடுவதும் போதாது. அமெரிக்க விதிப்படி அந்த விளக்கு எரிய வேண்டியது, பரிந்துரைத்த அளவைவிட 25 விழுக்காடு குறைந்த பிறகுதான். 32 இருக்க வேண்டிய டயர் 24-க்கு இறங்கும்வரை அது பேசாமல் இருக்கலாம். ஆகவே சிறிய கேஜ் ஒன்றை வண்டியிலேயே வைத்துக்கொள்வதைவிடப் பயனுள்ள செலவு டயர் விஷயத்தில் வேறொன்றும் இல்லை என்பேன்.

சோதிக்கும் முறை எளிது. காலையில் வண்டியை எடுக்கும் முன், வால்வின் மூடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். தரையில் வைத்தால் தொலைந்துவிடும். கேஜின் வாயை வால்வின் மேல் நேராக வைத்து ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். 'உஸ்' என்று தொடர்ந்து சத்தம் வந்தால் கேஜ் சாய்ந்திருக்கிறது, காற்று வெளியேறிக்கொண்டிருக்கிறது. சத்தம் சட்டென்று அடங்கி முள் நிலைத்து நின்றால் அந்த அளவு சரியானது. எண்ணைக் குறித்துக்கொண்டு மூடியைத் திரும்பப் பொருத்துங்கள். அந்த மூடி அலங்காரத்துக்காக இருப்பதல்ல. தூசியும் ஈரமும் வால்வுக்குள் போகாமல் காப்பது அதுதான். நான்கு டயர்களுக்கும் ஐந்து நிமிடம் ஆகும். மாதம் ஒருமுறையும் ஒவ்வொரு நீண்ட பயணத்துக்கு முன்பும் இதைச் செய்தால் போதும். மூன்று டயர்களில் ஒரு பிஎஸ்ஐ குறைந்து நான்காவதில் மட்டும் நான்கு குறைந்திருந்தால், அந்த நான்காவதில் ஆணியோ பழுதான வால்வோ இருக்கிறது என்று பொருள். சோப்பு நீரைத் தடவினால் கசியும் இடத்தில் குமிழி கிளம்பும்.

காற்றுக்கு அடுத்தபடி ட்ரெட் எனப்படும் மேல்பட்டையையும் அதில் வெட்டப்பட்டிருக்கும் பள்ளங்களையும் கவனிக்க வேண்டும். காய்ந்த தார்ச்சாலையில் பிடிப்பைத் தருவது ரப்பர்தான், பள்ளங்கள் அல்ல. பந்தயக் கார்கள் உலர்ந்த ஓடுதளத்தில் பள்ளமே இல்லாத வழுவழுப்பான டயர்களில் ஓடுவது இதனால்தான். பள்ளங்கள் இருப்பது தண்ணீருக்காக. ஈரமான சாலையில் டயர் உருளும்போது அதன் அடியில் சிக்கும் நீர் எங்காவது போயாக வேண்டும். பள்ளங்கள் அந்த நீருக்கு வாய்க்கால்களாகின்றன. பள்ளம் ஆழமிழந்தால் வாய்க்கால் தூர்ந்துபோனதைப் போலத்தான்: நீர் வெளியேற வழியின்றி டயருக்கு முன்னால் ஆப்பு போலத் திரண்டு, டயரையே சாலையிலிருந்து தூக்கிவிடுகிறது. அந்த நொடியிலிருந்து வண்டி நீரின் மேல் மிதக்கிறது. ஸ்டியரிங் திடீரென்று எடையே இல்லாததுபோல் கையில் இலகுவாகிவிடும்; திருப்பினாலும் வண்டி திரும்பாது, மிதித்தாலும் நிற்காது.

இந்த மிதப்பு எந்த வேகத்தில் தொடங்கும் என்பதை 1960-களில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா விமானச் சக்கரங்களை வைத்து ஆராய்ந்து, ஓர் எளிய விதியை வெளியிட்டது. நீர் ஆழமாகத் தேங்கி, பள்ளங்களால் அதை வெளியேற்ற முடியாத நிலையில், மிதக்கத் தொடங்கும் வேகம் டயர் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. கிலோமீட்டர் கணக்கில் சொன்னால், பிஎஸ்ஐ அளவின் வர்க்கமூலத்தை ஏறத்தாழ 16.7-ஆல் பெருக்க வேண்டும். 36 பிஎஸ்ஐ உள்ள டயருக்கு அது மணிக்கு 100 கிலோமீட்டர். 25 பிஎஸ்ஐ உள்ள டயருக்கு 83 மட்டுமே. கார் டயருக்கு இதை ஒரு தோராயமான வழிகாட்டியாகவே கொள்ள வேண்டும். தேய்ந்த டயரோ சாலையின் தன்மையோ இதைவிடக் குறைந்த வேகத்திலும் சறுக்க வைக்கலாம். ஆனாலும் காற்றும் பள்ளமும் ஒன்றுக்கொன்று துணையாக நின்று வேலை செய்பவை என்பது இதிலிருந்து தெளிவாகிறது. அப்படி மிதக்கும் நிலை வந்துவிட்டால் பிரேக்கை அழுத்தி மிதிக்காமல், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி டயர் மறுபடி சாலையைத் தொடும்வரை காத்திருக்க வேண்டும்.

புதிய கார் டயரில் பள்ளத்தின் ஆழம் பொதுவாக 8 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். பல நாடுகளின் சட்டம் அனுமதிக்கும் குறைந்த ஆழம் 1.6 மில்லிமீட்டர். முதன்மைப் பள்ளங்களின் அடியில் குறுக்காகச் சிறு மேடுகள் இருப்பதை விரலால் தடவினால் உணரலாம். அவற்றின் உயரம் அந்த 1.6 மில்லிமீட்டர்தான். மேல்பட்டை தேய்ந்து அந்த மேட்டுடன் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. ஆனால் சட்டத்தின் எல்லையும் பாதுகாப்பின் எல்லையும் ஒன்றல்ல. மழையில் வேகமாக ஓட்ட வேண்டியிருப்பவர்கள் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது என்பதே என் உறுதியான கருத்து. மொட்டை டயராகும்வரை ஓட்டி மிச்சம் பிடிக்கும் பணம், ஒரே ஒரு மழைநாளில் பொருளற்றதாகிவிடலாம்.

தேய்மானத்தின் அளவைவிடவும் அதன் வடிவம் அதிகம் சொல்லும். இரண்டு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி நன்றாக இருந்தால் நெடுநாளாகக் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரத்தின் சாய்வோ திசையோ கோணம் தப்பியிருக்கிறது. உள்ளங்கையை ட்ரெட்டின் மேல் வைத்து வெளிப்புறத்திலிருந்து உட்புறமாகவும் பிறகு உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகவும் மெல்ல வருடிப் பாருங்கள்: ஒரு திசையில் வழவழப்பாகவும் மறுதிசையில் ரம்பப் பல்லைப் போலவும் தட்டுப்பட்டால், சக்கரங்கள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடாமல் சாலையில் இழுபட்டுக்கொண்டே போகின்றன என்று அறியலாம். கண்ணுக்குத் தெரியும் முன்பே கைக்குத் தெரிந்துவிடும் குறை இது. சமமான சாலையில் ஸ்டியரிங்கைத் தளர்வாகப் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுப்பதும், நேராகப் போகும்போது ஸ்டியரிங் கோணலாக நிற்பதும் இதே குறையின் அறிகுறிகள். இதைச் சரிசெய்வதுதான் வீல் அலைன்மென்ட்.

வீல் பேலன்சிங் வேறு வேலை. டயரும் ரிம்மும் சேர்ந்த சக்கரத்தில் எடை எங்கும் ஒரே சீராக இருப்பதில்லை. எடை கூடிய இடத்துக்கு எதிரே ரிம்மில் சிறு ஈயத் துண்டையோ இரும்புத் துண்டையோ பொருத்திச் சமன் செய்கிறார்கள். 30 கிராம் வேறுபாடு என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். ரிம்மின் விளிம்பில் இருக்கும் அந்த 30 கிராம், மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ நான்கு கிலோ விசையுடன், நொடிக்குப் பதின்மூன்று முறை சக்கரத்தை வெளிப்பக்கமாக இழுக்கிறது. 80 கிலோமீட்டரைத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்குவது பெரும்பாலும் இதனால்தான்.

டயர்களை இடம் மாற்றிப் போடுவதும் இந்த வரிசையில் வரும். முன்சக்கரங்களால் இயங்கும் கார்களில் முன் டயர்களே வண்டியை இழுக்கின்றன, திருப்புகின்றன, பிரேக்கின் பெரும்பங்கையும் ஏற்கின்றன. ஆகவே அவை வேகமாகத் தேயும். 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னும் பின்னுமாக மாற்றினால் நான்கும் ஒரே சீராகத் தேயும். பக்கச்சுவரில் சுழலும் திசையை அம்புக்குறியால் காட்டும் டயர்களை அதே பக்கத்துக்குள் மட்டுமே மாற்ற வேண்டும்.

மாதச் சோதனையின்போதே பக்கச்சுவர்களையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். சுவரில் எலுமிச்சையளவு புடைப்பு தெரிந்தால், பெரும்பாலும் பள்ளத்திலோ நடைமேடை விளிம்பிலோ மோதி உள்ளிருக்கும் நூலிழைகள் அறுந்திருக்கின்றன. அங்கே காற்றைத் தாங்கி நிற்பது மெல்லிய ரப்பர் மட்டுமே. இதற்குப் பழுதுநீக்கம் கிடையாது, அன்றே மாற்ற வேண்டும். பஞ்சரைப் பொறுத்தவரை, ட்ரெட்டின் நடுப்பகுதியில் 6 மில்லிமீட்டருக்குள் இருக்கும் துளையை நம்பி ஒட்டலாம். ஓரத்திலோ பக்கச்சுவரிலோ இருந்தால் ஒட்டக் கூடாது. வெளியிலிருந்து ரப்பர் திரியைத் திணித்து அடைப்பது வழியில் கைகொடுக்கும் ஏற்பாடு. டயரைக் கழற்றி, உட்புறத்தைப் பார்த்து, உள்ளிருந்து ஒட்டுவதே முறையான பழுதுநீக்கம். காற்றில்லாமல் சிறிது தூரம் ஓடிய டயரின் உள்ளே கரிய ரப்பர்த் துகள்கள் பொடியாகச் சேர்ந்திருக்கும். சுவர் உள்ளேயே அரைபட்டதன் அடையாளம் அது. வெளியே எந்தக் காயமும் தெரியாவிட்டாலும் அந்த டயரை மீண்டும் ஓட்டக் கூடாது.

ஓடும்போது டயர் வெடித்துவிட்டால், பிரேக்கை மிதிக்கத் தூண்டும் அந்த முதல் உந்துதலை அடக்க வேண்டும். இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து வண்டியை நேராக வைத்து, ஆக்ஸிலரேட்டரை விட்டு, வேகம் தானாகக் குறைந்த பிறகு ஓரமாக ஒதுக்குங்கள்.

அதிகம் ஓடாத வண்டியின் டயரும் மூப்படையும். பக்கச்சுவரில் டி.ஓ.டி என்ற எழுத்துகளுடன் தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் அதன் பிறந்த நாளைச் சொல்கின்றன: 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். வெயிலும் ஓசோனும் ரப்பரை இறுகச் செய்து நுண்வெடிப்புகளை உண்டாக்கும். டயர் மடங்கி நிமிரும்போது அதனுள் கலந்திருக்கும் காப்பு மெழுகு மேற்பரப்புக்கு வந்து இதைத் தடுக்கிறது. நின்றுகொண்டேயிருக்கும் வண்டிக்கு அந்தக் காப்பும் போதுமான அளவு கிடைப்பதில்லை. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுதோறும் தெரிந்தவரிடம் காட்டுவது நல்லது. சில கார் நிறுவனங்கள் ஆறு ஆண்டுகளிலேயே மாற்றச் சொல்கின்றன. பள்ளம் எவ்வளவு மிச்சமிருந்தாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஓட்டக் கூடாது என்பதே டயர் தயாரிப்பாளர்கள் பலர் தரும் எல்லை.

மாற்றும்போது பக்கச்சுவரில் உள்ள அளவை அப்படியே பாருங்கள். 185/65 ஆர்15 88எச் என்பதில் 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது. ஆர் என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 88 என்ற சுமைக் குறியீடு ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்றும், எச் என்ற எழுத்து மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரை உகந்தது என்றும் சொல்கின்றன. கடைசி இரண்டையும் வண்டிக்குக் குறிப்பிட்ட அளவைவிடக் குறைக்கக் கூடாது. இரண்டு டயர்களை மட்டும் மாற்றினால், காரை இயக்குவது எந்தச் சக்கரமாக இருந்தாலும், புதியவற்றைப் பின்னால்தான் போட வேண்டும். முன்சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்து ஓரளவு மீட்டுவிடலாம். பின்சக்கரம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும், அதை மீட்பது தேர்ந்த ஓட்டுநருக்கும் கடினம்.

எல்லோரும் மறந்துபோகும் ஐந்தாவது டயர் ஸ்டெப்னி. பஞ்சரான இடத்தில் அதை எடுத்துப் பார்த்து, அதிலும் காற்றில்லை என்று கைபிசைந்து நிற்கும் நிலை வராமலிருக்க, மற்ற நான்குடன் அதையும் சோதிக்க வேண்டும். மெலிந்த வடிவில் தற்காலிகப் பயன்பாட்டுக்காகத் தரப்படும் ஸ்டெப்னிக்குப் பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ தேவைப்படும். அதில் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. சக்கரம் மாற்றிய பின் நட்டுகளை ஒன்றையடுத்து ஒன்றாக வட்டமாக முடுக்காமல், ஒன்றை முடுக்கியதும் அதற்கு எதிரே இருப்பதை முடுக்கி, ஐம்பது முதல் நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு வண்டியை நிறுத்தி ஒவ்வொன்றையும் மறுபடி ஒருமுறை முடுக்கிப் பாருங்கள்.